விலை குறைந்ததும் திரும்பி வந்த பெட்ஷீட்டுகள்

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில், ஆன்லைனில் நாங்கள் விற்ற பெட்ஷீட்டுகள் ரிட்டர்ன் பாக்கெட்டுகளாக எங்கள் குடோனுக்குச் சாக்கு சாக்காக வந்து இறங்கின. சாயம் இறங்கிவிட்டதோ, ஓரத் தையல் பிரிந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை சீல் கூட உடைக்காதவை. நாங்கள் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. அப்புறம் ஆர்டர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். திரும்பி வந்ததற்கும் புதிதாகப் போனதற்கும் ஒரே பின்கோடு, ஒரே டிசைன், ஒரே நிறம். விலை குறைந்ததைப் பார்த்ததும் இன்னொன்று ஆர்டர் போட்டிருக்கிறார்கள். அது கைக்கு வந்ததும் பழையதைத் திருப்பிவிட்டார்கள்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் ஆன்லைனில் வாங்குகிறவள்தான். நேற்று 1,400 கொடுத்த பொருள் இன்று 1,249க்குக் கிடைக்கிறது என்றால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த ரிட்டர்ன் பட்டனை அழுத்தினால் விற்கிற பக்கம் என்ன நடக்கிறது என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. அடுத்த ஜனவரியில் குடியரசு தினத் தள்ளுபடி வரப்போகிறது. அதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் கரூர். வீட்டுத் துணிதான் தொழில்: பெட்ஷீட், தலையணை உறை, திரைச்சீலை, துண்டு. பெரிய ஏற்றுமதிக் கம்பெனி கிடையாது, சின்ன யூனிட். தறியும் தையலும் வீட்டுக்காரர் பொறுப்பு. ஜவஹர் பஜாரில் இருக்கும் சின்னக் கடை மாமனாருடையது. ஆன்லைன் மட்டும் என் தலையில். படம் ஏற்றுவது, விலை போடுவது, பேக்கிங், ரிட்டர்ன், தளத்திடம் நஷ்டஈடு கேட்கும் கிளைம், மாதக் கடைசியில் ஆடிட்டருக்குக் கணக்கு எடுத்துக் கொடுப்பது எல்லாம் நான்தான்.

2025இல் நடந்ததைப் புரிந்துகொள்ள ஆகஸ்ட் 15லிருந்து ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்குத்தான் செங்கோட்டையில் பிரதமர் தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று அறிவித்தார். அந்த நிமிஷத்திலிருந்து வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். குறையப்போகிறது என்று தெரிந்த பிறகு யார் வாங்குவார்கள்? செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டத்தில் விவரம் வந்தது. நடைமுறைக்கு வந்தது செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள். பெரிய இரண்டு ஆன்லைன் விற்பனைத் தளங்களின் பண்டிகைத் தள்ளுபடியும் மறுநாளே தொடங்கியது. வரிக் குறைப்பும் தள்ளுபடியும் ஒரே நேரத்தில் விழுந்ததால் 21ஆம் தேதி விலைக்கும் 23ஆம் தேதி விலைக்கும் நடுவே அப்படியொரு பள்ளம். அதே ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 சதவீத வரி போட்டதில் எங்கள் ஊர் ஏற்றுமதிக்காரர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் உள்ளூர் விற்பனையாவது ஓடினால் போதும் என்று எல்லோரும் அந்தத் தேதிக்காகத்தான் காத்திருந்தோம்.

பெட்ஷீட்டுக்கு வரி எப்படி மாறியது என்றால், முன்பு ஒரு பீஸ் 1,000 ரூபாய்க்குள் இருந்தால் 5 சதவீதம், தாண்டினால் 12. இப்போது 2,500 வரைக்கும் 5 சதவீதம், அதற்கு மேல் 18. எங்களுடைய டபுள் பெட்ஷீட் செட், இரண்டு தலையணை உறையோடு, வரி சேர்க்காமல் 1,250 ரூபாய். 12 சதவீதம் போட்டால் 1,400. 5 சதவீதம் போட்டால் 1,312 ரூபாய் 50 காசு. அதன் மேல் பண்டிகைக்காக எங்கள் கையிலிருந்து ஒரு கூப்பன் கொடுத்து 1,249க்கு வைத்தோம். வாங்குகிறவருக்கு மொத்த வித்தியாசம் 151 ரூபாய்.

14, 15ஆம் தேதி வாக்கில் ஆர்டர் போட்டவர்களுக்கு 18ஆம் தேதி பார்சல் போய்ச் சேர்ந்திருக்கும். நாங்கள் விற்கும் தளத்தில் 10 நாளைக்குள் திருப்பலாம். ஆக 28ஆம் தேதி வரைக்கும் அவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. விதிப்படி எல்லாம் சரி.

இனி அந்த 151 ரூபாய் மிச்சமாக வேண்டுமென்றால் என்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். கரூரிலிருந்து லக்னோவுக்குப் போன பெட்ஷீட் மறுபடி கரூர் வர வேண்டும். அதே மாதிரி இன்னொரு பெட்ஷீட் கரூரிலிருந்து லக்னோ போக வேண்டும். வீட்டில் வந்து எடுக்கிற டெலிவரி தம்பி, அங்கே ஒரு ஹப், வழியில் இரண்டு மூன்று சார்ட்டிங் சென்டர், இங்கே ஒரு ஹப். முதல் தடவை போனதற்கான கூரியர் கட்டணம் எங்களுக்குத் திரும்பக் கிடைக்காது. திரும்பி வருவதற்கு இன்னொரு கட்டணம் எங்களிடமே பிடிப்பார்கள். பெட்ஷீட் எடை கூடிய சாமான், வட இந்தியா தூரமும் அதிகம். அந்தப் போக்குவரத்துச் செலவு இரண்டும் சேர்ந்து வாங்கியவர் மிச்சம் பிடித்த 151 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. ஒருவருக்கு 151 ரூபாய் லாபம் வர, இன்னொருவர் அதற்கும் மேலே செலவழிக்கிறார். நடுவில் ஒரு துணி தேவையே இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் லாரியில் அலைகிறது. என் மனசை உறுத்துவது இதுதான். அந்த வித்தியாசத்தை வாங்கியவர் கையிலேயே கொடுக்க எனக்குச் சம்மதம். அது எனக்கு மலிவும்கூட. கொடுப்பதற்கு வழிதான் இல்லை.

ரிட்டர்ன் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும். பார்சல் லேபிள் தெரிய, கட் பண்ணாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வேறு துணி இருந்தாலும் கிளைம் போட முடியாது. புதுசுக்குப் பதிலாக வீட்டுப் பழைய விரிப்பை மடித்து வைத்து அனுப்பியதும் உண்டு. துவைத்து, கம்ஃபர்ட் வாசனையோடு வந்ததும் உண்டு. ஆனால் இந்த முறை வந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். நேர்மையாகத்தான் திருப்பியிருக்கிறார்கள். பிரிக்காத பாக்கெட்டாகவே இருந்தாலும் இரண்டு பயணம் போய்வந்த பாலிதீன் கவர் கசங்கியிருக்கும், மழையில் ஈரம் ஏறியிருக்கும். கவர் மாற்றி, அயர்ன் போட்டு, புது பார்கோடு ஒட்டி, பழைய எம்ஆர்பி மேல் புது விலை ஸ்டிக்கரும் ஒட்டித்தான் மறுபடி அடுக்கில் ஏற்ற வேண்டும். கையிருப்புச் சரக்குக்கு அப்படி ஸ்டிக்கர் ஒட்டி விற்கலாம் என்று மத்திய அரசு அனுமதி கொடுத்திருந்தது. நவராத்திரி நேரத்தில், புது ஆர்டர் பேக்கிங் தலைக்கு மேல் இருக்கும்போது, எங்கள் பேக்கிங் அக்காமார்கள் இதற்கென்று ராத்திரி உட்கார்ந்தார்கள்.

கணக்கு இன்னொரு கூத்து. 12 சதவீதத்தில் விற்றதற்குக் கிரெடிட் நோட், அதாவது பழைய பில்லைக் கழிக்கும் சீட்டு, 12 சதவீதத்திலேயே போட வேண்டும். அதே ஆளுக்குப் போன புது பில் 5 சதவீதத்தில். விற்பனைப் பணத்திலிருந்து தளம் வரியாகப் பிடித்து வைக்கும் டிசிஎஸ் வேறு அதற்குத் தக்க மாறும். ஆடிட்டர் ஆபீஸில் அந்த மாதக் கணக்கை ஒத்துப் பார்க்கவே நாக்குத் தள்ளிவிட்டது.

இதையெல்லாம் விட எங்களை அதிகமாக அடிப்பது ரிட்டர்ன் போடும்போது தேர்ந்தெடுக்கும் காரணம். ஆப்பில் ஒரு பட்டியல் வரும். விலை குறைந்ததற்காகத் திருப்புகிறவர்களில் நிறையப் பேர் பட்டியலைப் படிக்காமல் மேலே இருப்பதைத் தட்டிவிடுகிறார்கள். 'தரம் எதிர்பார்த்தபடி இல்லை' என்று அது பதிவாகிவிடும். 'குறை உள்ள பொருள்' என்று போட்டால்தான் பணம் சீக்கிரம் வரும் என்று நினைப்பவர்களும் உண்டு. மனிதர் யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. கணினி எண்ணிக்கொள்கிறது. தரக் காரணத்துக்காகத் திரும்புவது ஒரு அளவைத் தாண்டினால் அந்தப் பெட்ஷீட் தேடலில் பின்னால் போய்விடும். சில தளங்களில் இது அடிக்கடி திருப்பி அனுப்பப்படும் பொருள் என்று குறிப்பே ஒட்டிவிடுவார்கள். இன்னும் கூடினால் லிஸ்டிங்கையே, அதாவது அந்தப் பொருளின் விற்பனைப் பக்கத்தையே, நிறுத்திவைப்பார்கள். அக்டோபர் முதல் வாரத்தில், தீபாவளி 20ஆம் தேதி என்கிற நேரத்தில், எங்களுடைய நன்றாக ஓடிக்கொண்டிருந்த நீலக் கட்டம் போட்ட டிசைனுக்கு அதுதான் நடந்தது. துணியில் ஒரு குறையும் இல்லை. திருப்பியவர்களே அதைத்தான் மறுபடி வாங்கி வீட்டில் விரித்திருக்கிறார்கள்!

ஒரு வாடிக்கையாளர் மட்டும் தளத்தின் மெசேஜ் வழியாகக் கேட்டிருந்தார். 'விலையைக் குறைத்துவிட்டீர்களே, வித்தியாசத்தை மட்டும் தர முடியுமா? துணி நன்றாக இருக்கிறது, திருப்ப மனசில்லை' என்று. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. ஆனால் நாங்கள் விற்கும் தளத்தில் விற்பவர் தனியாகப் பணம் அனுப்பக் கூடாது. போன் நம்பரும் எங்களுக்குத் தெரியாது. தளத்துக்கு வெளியே தொடர்புகொண்டால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். வழியில்லை என்று சொல்லி, திருப்பினால் 'வேறு குறைந்த விலை கிடைக்கிறது' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று மட்டும் பதில் எழுதினேன். அவரும் அப்படியே செய்தார். அந்தக் காரணம் எங்கள் தரக் கணக்கில் ஏறவில்லை.

அதே வாரம் மாமனாரின் கடையில் நடந்ததையும் சொல்கிறேன். குளித்தலையிலிருந்து ஒரு அம்மா பில்லோடு வந்தார். "ஏனுங்க, போன வாரம் வாங்குனதுங்க. இப்ப வரி கொறைஞ்சிருச்சுன்னு டிவியில சொல்றாங்களே" என்றார். மாமா பில்லைப் பார்த்தார், கல்லாவிலிருந்து 90 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். "தீபாவளிக்குத் துண்டு எடுக்க நம்ம கடைக்கே வந்துருங்கம்மா" என்றார். அவ்வளவுதான். பழைய வரியை ஏற்கெனவே கணக்கில் காட்டிவிட்டதால் அந்த 90 எங்கள் கைக்காசுதான். ஆனாலும் ஒரு ஆன்லைன் ரிட்டர்ன் எங்களுக்கு வைக்கும் செலவில் அது பாதிகூட இல்லை. அந்த அம்மா தீபாவளிக்குத் துண்டு மட்டுமல்ல, திரைச்சீலையும் எடுத்தார்.

உள்ளூர்க் கடையில் முடியும், இணையத்தில் எப்படி முடியும் என்று கேட்பார்கள். முடிகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் காஸ்ட்கோ என்ற பெரிய கடையில்தான் வீட்டுச் சாமான் வாங்குவாள். வாங்கிய 30 நாளைக்குள் காஸ்ட்கோவே விலையைக் குறைத்தால், இணையத்தில் வாங்கியதற்கு ஒரு படிவம் நிரப்பினால் போதும், வித்தியாசம் வந்துவிடும். பொருள் வீட்டை விட்டு நகராது. டார்கெட் என்ற இன்னொரு கடையில் அதற்கு 14 நாள். அங்கேயும் எல்லாக் கடையும் இப்படி இல்லை. ஆனால் செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு இது போதும். இங்கே எந்த ஆர்டர் எந்தத் தேதியில் என்ன விலைக்குப் போனது என்பது தளத்தின் கணினியில் பைசா சுத்தமாக இருக்கிறது. திருப்புவதற்கான அந்த 10 நாளுக்குள் விலை குறைந்தால், 'வித்தியாசத்தை வாங்கிக்கொள்கிறீர்களா, பொருளைத் திருப்புகிறீர்களா' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். விற்பவரிடமும் சம்மதம் கேட்கட்டும். என்னை மாதிரி ஆட்கள் உடனே சரி என்போம்.

திருப்பும் வசதிக்கு ஒரு விலை உண்டு என்பதை மீஷோ என்ற ஆன்லைன் தளம் வெளிப்படையாகவே காட்டுகிறது. அங்கே பல பொருள்களுக்கு இரண்டு விலை இருக்கும். எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை, தவறான பொருளோ குறையுள்ள பொருளோ வந்தால் மட்டும் திருப்பலாம் என்றால் அதைவிடக் குறைந்த விலை. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. மற்ற இடங்களில் அந்த விலை எல்லோருக்கும் சேர்த்து உள்ளே ஒளிந்திருக்கிறது. திருப்பாதவர்களும் அதைக் கட்டுகிறார்கள்.

இன்னொன்று. மனசு மாறினால் திருப்புவது இந்தியாவில் சட்டப்படி உள்ள உரிமை கிடையாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்வது வேறு: குறையுள்ள பொருள், போலி, விளம்பரத்தில் காட்டியது போல் இல்லாதது, சொன்ன தேதிக்கு மேல் தாமதமாக வந்தது ஆகியவற்றை விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கினால் காரணமே சொல்லாமல் 14 நாளைக்குள் விலகிக்கொள்ளலாம். இங்கே அது ஒவ்வொரு தளமும் தானாகக் கொடுக்கும் சலுகைதான். அதனால்தான் போன், டிவி, வாஷிங் மெஷின் மாதிரி பொருள்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காமல் மாற்றிக் கொடுப்பது மட்டும் என்று பல இடங்களில் இருக்கிறது.

என் சித்தி மகள் சென்னையில் இருக்கிறாள். செப்டம்பர் முதல் வாரத்தில் 43 அங்குல டிவி 28,990க்கு வாங்கினாள். பெரிய டிவிக்கு வரி 28இலிருந்து 18 ஆனதும் போன் போட்டாள். "அக்கா, வரி மட்டுமே 2,260 ரூபா வித்தியாசம் வருதுக்கா. ரிட்டர்ன் ஆப்ஷனே காட்ட மாட்டேங்குது. ஸ்க்ரீன்ல கோடு விழுதுன்னு சொல்லட்டுமா?"

"வேண்டாம் கண்ணு. டெக்னீஷியன் வீட்டுக்கு வந்து போட்டுப் பார்ப்பாரு. கோடு இல்லேன்னா முடிஞ்சுபோச்சு. இருந்தாலும் வேற டிவிதான் தருவாங்க, பணம் வராது. இல்லாத குறையைச் சொல்றது நமக்கு வேண்டாம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், அப்புறம் சரி என்றாள். 20ஆம் தேதி அவள் ஒரு குக்கரும் ஆர்டர் போட்டிருந்தாள், அது இன்னும் கிளம்பவே இல்லை. குக்கருக்கும் வரி 12இலிருந்து 5 ஆகியிருந்தது. உடனே கேன்சல் செய்து மறுபடி போடச் சொன்னேன். 130 ரூபாய் மிச்சம், யாருக்கும் நஷ்டமில்லை. பேக் பண்ணுவதற்கு முன்னால் வரும் கேன்சல் எங்களுக்கு ஒரு பைசா செலவு வைக்காது. பார்சல் கிளம்பிவிட்டால்கூட வாங்காமல் திருப்பினால், அதாவது நாங்கள் ஆர்டிஓ என்று சொல்வது, எங்கள் தளத்தில் திரும்பும் கட்டணம் கிடையாது. வாங்கி வைத்துத் திருப்பினால்தான் கட்டணம். ஆகவே விலை குறையும் என்று தெரிந்தால் முதலிலேயே கேன்சல் செய்துவிடுங்கள்.

திருப்பி வாங்குவதில் வாங்குகிறவருக்கே விழும் அடிகளும் உண்டு. முதல் ஆர்டரில் வங்கி கார்டுக்கு 10 சதவீதத் தள்ளுபடி வாங்கியிருந்தால், திருப்பும்போது அது போக மீதிதான் வரும். அந்த கார்டுக்கான தள்ளுபடி உச்சவரம்பு ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்தால் இரண்டாவது ஆர்டருக்குத் தள்ளுபடி கிடைக்காமல் போகலாம். நோ காஸ்ட் இஎம்ஐயில், அதாவது வட்டி இல்லாத தவணையில், வாங்கியிருந்தால் வங்கி பிடித்த பிராசஸிங் கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் திரும்ப வராது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் அந்த போன் உங்கள் கைக்கு மறுபடி வராது. முதல் பணம் திரும்ப வர நாள் ஆகும் என்பதால் இரண்டு பொருளுக்கான பணம் ஒரே நேரத்தில் முடங்கிக் கிடக்கும். இத்தனையும் கழித்துவிட்டு என்ன மிச்சம் என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

எங்கள் பக்கமும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். தள்ளுபடிக்கு முந்தின பத்து நாளும் விலையை ஏற்றி வைக்காமல், வரப்போகும் தள்ளுபடி விலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுவது என்று வீட்டுக்காரரும் நானும் முடிவெடுத்திருக்கிறோம். ஜனவரிக்கு அப்படித்தான். பெரிதாக வெட்டிக் காட்டிய விலையைப் போட்டால்தான் சரக்கு நகரும் என்று தொழிலில் இருக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும், ஒரு சீசன் பார்த்துவிடலாம்.

அப்படியும் திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால் தாராளமாகத் திருப்புங்கள், அது உங்கள் பணம். மூன்றே மூன்று உதவி செய்யுங்கள். உண்மையான காரணத்தைத் தட்டுங்கள், பட்டியலில் கீழே தேடினால் இருக்கும். பாக்கெட்டைப் பிரிக்காமல் வையுங்கள். பிரித்துவிட்டீர்களானால் தலையணை உறை இரண்டையும் மறக்காமல் சேர்த்து வையுங்கள். அது இல்லாமல் வருகிற செட்டை எங்களால் செட்டாக விற்கவே முடியாது.